தங்கப் பைக்குள் இருந்த ஃபாஸ்டேக்: ஆம்பூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை

மார்கழி பிறந்த வாரம், ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நானும் நசீர் பாயும் ஆம்பூரிலிருந்து காரில் கிளம்பினோம். போக வேண்டியது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர். தோல் வியாபாரத்தில் இத்தனை காலமும் நான் தரகன். இவர் சரக்கை அவருக்குக் காட்டி, கமிஷனை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்புகிறவன். இந்தத் தடவைதான் சொந்தமாகத் தோல் வாங்கி, நசீர் பாயின் பட்டறையில் நிறம் ஏற்றி, என் பெயரிலேயே சாம்பிள் கொண்டுபோகிறேன். பிரவுன் ஒன்று, டேன் என்கிற வெளிர் பழுப்பு ஒன்று. மறுநாள் காலை வேறொரு பார்ட்டி சாம்பிளோடு வருகிறது. அதனால் எங்களுடையது அன்றைக்கே பாஸாக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். அந்தக் கம்பெனியில் நிறம் பார்க்கும் மேடம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தோலைத் தொடவே மாட்டார். வானத்து வெளிச்சத்தில், வடக்குப் பார்த்து நின்று பார்ப்பார். சூரியன் சிவந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. டேனில் கடைசிப் பூச்சு காய்வதற்கே மதியமாகிவிட்டது. ஆக, நாங்கள் ஓட்டியது வெளிச்சத்தோடு போட்டி போட்டு.

இனி ஃபாஸ்டேக் கதை. கார் போன மாதம் வாங்கிய பழைய கார். விற்றவருடைய டேக் கண்ணாடியிலேயே இருந்தது. அதை அவர் மூடிக்கொடுத்த பிறகுதான் புதியது கிடைத்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் விற்பவரின் டேக்கை மூடச் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஆர்.சி. புத்தகம், அடையாள அட்டை, காரின் படம் கொடுத்தேன். ஐந்நூறு ரூபாய் ஆனது, அதில் டெபாசிட்டும் முதல் பேலன்ஸும் அடக்கம். கொடுத்த கடைக்காரர், "உள்பக்கமா, கண்ணாடிக்குப் பின்னாடி நடுவுல ஒட்டிடுங்க சார்" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் ஒட்டவில்லை. தோல்காரன் புத்தி அப்படி. தோல்மேல் ஒரு பசைத்தடம் இருந்தாலே ஒரு கிரேடு இறக்கிவிடுவோம். சுத்தமான கண்ணாடியைப் பார்த்ததும் எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கே காரை விற்றாலும் கண்ணாடி கண்ணாடியாக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். லேடீஸ் செருப்புக்காக நசீர் பாய் செய்த தங்க நிறத் தோலில் ஒரு துண்டு கிடந்தது. அதில் அவரையே அழகாக ஒரு பை தைக்கச் சொல்லி, டேக்கை உள்ளே போட்டு, முன்கண்ணாடியில் தொங்கவிட்டாயிற்று.

"டேக்குக்கு இன்னா தோஸ்த், கல்யாணமா?" என்றார் நசீர் பாய்.

ஆனால் கிளம்பிய பிறகு அந்தப் பை செய்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆம்பூர் தாண்டி, பாலாற்று மணல் மரங்களுக்கு நடுவே வெள்ளையாக வந்து வந்து மறைந்தது. பை ஆட ஆட, அதிலிருந்து ஒரு பொன்வட்டம் காருக்குள் நீந்தியது. ஸ்டியரிங் மேல், நசீர் பாயின் தாடிமேல், பின்சீட்டில் துணி சுற்றிய சாம்பிள்மேல். அவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ உருதுப் பாட்டை முனகினார். தென்னந்தோப்புகள் தூக்கத்தில் நடப்பதுபோல் பின்னால் போயின. இன்ஜின் சத்தமே கேட்காத மாதிரி இருந்தது. நல்ல சாலையும் நல்ல வெயிலும் சேர்ந்தால் வியாபாரிக்கும் இப்படி ஒரு மயக்கம் வருகிறது. தப்பில்லை.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் மயக்கம் கலைந்தது. முன்னால் போன காருக்குத் திறந்த தடுப்புக்கட்டை எங்களுக்கு அசையவில்லை. கொஞ்சம் பின்னால் போய் வந்தேன். அசையவில்லை. கட்டணக் கூண்டுக்குள் இருந்த பெண் கையடக்க ரீடரோடு எட்டிப் பார்த்தார்.

"டேக் எங்க சார்?"

"தோ, தொங்குதும்மா."

"ஒட்டலியா? பேலன்ஸ் கீதா?"

"நெறைய கீது. காலைலதான் போட்டேன்."

ரீடரைக் கிட்டே கொண்டுவந்தார். சத்தமே இல்லை. "ரீட் ஆவல சார். கேஷ்னா டபுள். போன்ல கட்டினா ஒண்ணேகால் பங்கு. சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி வண்டி நிக்குது."

இங்கேதான் நான் கெட்டேன். பேலன்ஸ் வைத்துக்கொண்டு நான் எதற்கு ஒன்றேகால் கட்ட வேண்டும்? வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். போனில் பேலன்ஸைக் காட்டினேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் வந்தார், நான் பேசினேன். பேரம் என்றால் என் வாய் நிற்காது. வலப்பக்கம் அணைக்கட்டு மலைகளின் மேல் வெயில் மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தது. அதை நான் பார்க்கவில்லை, நசீர் பாய் பார்த்தார்.

"தோஸ்த், கால்பங்குக்காக நீ வெயில வித்துனு இருக்க. கட்டிட்டு வா."

கட்டினேன். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

கட்டை தாண்டி ஐம்பதடி போயிருப்போம். நசீர் பாய் பையைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பார்த்தவர், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ பேஜார்! இது ஃபாயில் தோல். மேல ஒட்டியிருக்கிறது உலோகத் தகடு. சிக்னல் எப்படிப் போவும்?"

"நீங்கதான பாய் தச்சிக் குடுத்தீங்க?"

"தைக்கச் சொன்னது யாரு? நான் செருப்புக்குத்தான் செஞ்சேன், டேக்குக்கா செஞ்சேன்?"

தோலைத் தொட்டாலே எந்த ஊரில் பதனிட்டது என்று சொல்கிற இரண்டு பேர், அதன் மேல் இருப்பது உலோகம் என்பதை மறந்திருக்கிறோம். காரை நிறுத்தி, கண்ணாடியின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, டேக்கின் பின்தாளை உரித்து, நடுவில் மேலாக ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினேன். ஐந்து நிமிட வேலை.

வாலாஜா டோல்கேட் வந்தது. வேகத்தைக் குறைத்தேன், ஒரு சின்ன 'பீப்', கட்டை தானாக எழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கை நீட்டவில்லை, சில்லறை தேடவில்லை. தண்ணீருக்குள் போகிற மாதிரி அந்தப் பக்கம் வந்துவிட்டோம். காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளில் வானம் கிடந்தது. வெளிச்சம் மட்டும் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனி வாசலில் ஐந்து மணி. மேடம் பை மாட்டிக் கிளம்பத் தயாராக இருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க, சீக்கிரம்" என்று மாடிக்கு ஏறினார். வடக்குச் சுவர் ஓரம் நின்று, பிரவுனைத் தன்னிடமிருந்த மூலத் துண்டோடு சேர்த்துப் பிடித்தார். மடக்கினார், விரித்தார், சாய்த்தார்.

"பிரவுன் ஓகே" என்றார்.

பிறகு டேனை எடுத்தார். அந்த நேரம் பார்த்து வானம் முழுக்க மஞ்சள் ஏறியது. தோல் தேன் மாதிரி ஜொலித்தது. என் கண்ணுக்கு அதைவிட அழகான டேன் உலகத்தில் இல்லை. மேடம் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த வெளிச்சத்துல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். நான் சொல்ல மாட்டேன்."

"மேடம், காலைல எட்டு மணிக்கு நிக்கிறோம்."

"வாங்க. ஆனா அவங்களும் வர்றாங்க. ரெண்டையும் வச்சுத்தான் பார்ப்பேன்."

பள்ளிகொண்டாவில் போன இருபது நிமிடம் இருந்திருந்தால் டேனும் அன்றைக்கே முடிந்திருக்கும். அது பாஸாகுமா ஆகாதா என்பது வேறு விஷயம். பார்த்தாவது இருப்பார்.

இந்தப் பக்கம் காரில் வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: டேக்கை ஒட்டிவிடுங்கள். ஒட்டியதை உரித்தால் கிழிந்துவிடும், மறுபடி வேலை செய்யாது. அதனால் இடத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துக் காட்டினால் டேக்கையே முடக்கிவிடவும் வாய்ப்பு உண்டு. பேலன்ஸை வீட்டிலேயே போட்டுவிடுங்கள், டோல்கேட் வாசலில் போட்டால் ஏறத் தாமதமாகலாம். பளபளப்பான எதையும் டேக்கின் பக்கத்தில் வைக்காதீர்கள். ரீட் ஆகவில்லையென்றால் ஒன்றேகாலைக் கட்டிவிட்டு நகருங்கள், காரணத்தை அந்தப் பக்கம் போய் யோசிக்கலாம். வம்பு பேசி ஜெயித்தாலும் நேரம் திரும்பக் கிடைக்காது.

அன்று கம்பெனிக்குப் பக்கத்திலேயே எழுநூறு ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் அறை எடுத்தோம். நசீர் பாய் டேனைத் தலையணை மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு சாய்ந்தார். பாஸான நிறத்தை இரண்டாக வெட்டி, பின்பக்கம் விவரம் எழுதி, ஒரு பாதியைச் சரக்கு கொடுப்பவரிடம் தருவது தொழில் வழக்கம். எத்தனையோ பேருக்காக அந்தப் பாதியை நான் சுமந்து வந்து கொடுத்திருக்கிறேன். மேடம் வெட்டிக் கொடுத்த பிரவுன் பாதியின் பின்பக்கத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். வெளியே வெளிச்சம் அநேகமாகப் போய்விட்டது. ஆனாலும் படிக்க முடிந்தது. சப்ளையர் என்று போட்டு, அதற்கு நேரே என் பெயர்.