முழங்கை அக்காவும் அவருடைய ஆட்களும்

சலவைக்கடை அக்கா முழங்கையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, கண்ணை மூடி, ரகசியம் கேட்பவர் போல நிற்கிறார். "இன்னும் ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்துங்க." கணவர் ஊற்றுகிறார். கடையில் வெப்பமானி இருக்கிறது. அதன் உறையைக்கூட அக்கா பிரித்ததில்லை. தெருவுக்கே அவர் முழங்கை அக்கா.

கறையைப் பிரித்தெடுப்பது சலவைப்பொடியிலுள்ள நொதிகள் என்கிறது டப்பா. அக்காவுக்கு அவை 'ஆளுங்க'. "சில்லுன்னு இருந்தா சோம்பிக் கிடப்பாங்க. வெதுவெதுன்னா பறப்பாங்க. கொதிச்சா ஆள் காலி." ரத்தம், முட்டை, பால் ஒருவன் பங்கு. எண்ணெய் இன்னொருவன் பாடு. ஒருவன் வேலையில் மற்றவன் மூக்கை நுழைக்கமாட்டான். எதிரே கடிகாரம் பழுதுபார்க்கும் நான், கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் என்ன என்று ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "புளிப்பு பட்டா மொரண்டு பிடிப்பாங்க. உங்க புத்திசாலித்தனத்த உங்க கடையோட வச்சுக்கங்க!"

போன வாரம் மாப்பிள்ளை ஒருவர் தலைதெறிக்க ஓடிவந்தார். சவரம் செய்தபோது வெட்டிக்கொண்ட ரத்தம், கல்யாணச் சட்டையின் கழுத்தில். மணி ஒன்பது, பதினொன்றுக்குக் கல்யாணம்.

"கல்யாணப் பொண்ணே தச்ச சட்டை, அக்கா. கொதிதண்ணில போட்டு சட்டுனு எடுங்க!"

அக்கா சுவரைக் காட்டினார். ஆணியில் ஒரு பழைய வெள்ளைச் சட்டை, கழுத்தில் பழுப்புக் கறை.

"எங்க வீட்டுக்காரரோட கல்யாணச் சட்டை. இதே ரத்தம், இதே அவசரம். கொதிதண்ணில நானே வேகவச்சேன். இருபத்திரண்டு வருஷமா போகல."

மாப்பிள்ளை சட்டையை நீட்டினார்.

"நாப்பது நிமிஷம். நீங்க உக்காருங்க, ஆளுங்க உழைக்கட்டும்."

அவர் எங்கே உட்கார்ந்தார்? என்னிடம் ஏழு முறை மணி கேட்டார். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. அலசி எடுத்தபோது கழுத்து பளிச்சென்று இருந்தது. சட்டையின் இஸ்திரிச் சூடு ஆறுமுன் அவர் கிளம்பிவிட்டார். அக்கா விரட்டிப் பிடித்து, தாடைக் காயத்தில் பஞ்சை ஒட்டி அனுப்பினார்.

கணவர் தொட்டியைக் கவிழ்க்கப் போனார்.

"இருங்க, ஆளுங்க இன்னும் தெம்பாத்தான் இருக்காங்க."

"விடும்மா. வெந்தது வெந்ததுதான்."

அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முழங்கையை நனைத்துப் பார்த்தார். ஆணியிலிருந்து அந்தப் பழைய சட்டையை எடுத்து, கழுத்துப் பக்கத்தை மெதுவாகத் தண்ணீரில் அமிழ்த்தினார்.