ராஜம் அக்கா வீட்டு வழி

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. லேப்டாப்பைத் திறந்து, நேற்று மாலை மெயிலில் வந்த வரைபடத்தில் ஒரே ஒரு கோட்டைத் தேடினேன்.

பாதிதான் இருந்தது.

கருங்கல் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் பொது நடைவழிகளையும் பச்சை இடங்களையும் காட்டும் புது வரைபடம். ட்ரோன் பறக்கவிட்டு எடுத்தது. குளம், மைதானம், கோயில் ஆலமரம் எல்லாம் அத்தனை தெளிவு. ஆனால் நான் தேடிய வழி ரோட்டிலிருந்து கிளம்பி, ராஜம் அக்கா வீட்டுத் தென்னைகளுக்குள் நுழைந்ததோடு சரி. மேலே இருந்து பார்த்தால் ஓலைதானே தெரியும்...

கோபம் வரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சந்தோஷப் படபடப்பு. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மழை விட்ட காலையின் ரப்பர் பால் வாசனை. செருப்பில் அப்பிய செம்மண்.

பல வருஷங்களுக்கு முன்னால், காலேஜ் முடித்து நாகர்கோவிலில் ஒரு சர்வே ஆபீசில் சேர்ந்த புதிது. இதே ஊரின் நடைவழிகளை நடந்து வரைய நானும் லதாவும் ஒரு ஜோடி. அவள் அஞ்சுகிராமத்துக்காரி. இங்குள்ள இடவழிச் சந்துகளின் வளைவும் நெளிவும் அவளுக்கு வேடிக்கை. "எங்க ஊருல நேரா பாத்தா நேரா போலாம். இங்க என்னட்டி, பாம்பு போன தடம் மாதிரி இருக்கு?" என்பாள்.

கையில் செங்கல் கனத்தில் ஒரு ஜிபிஎஸ். ஆன் செய்துவிட்டு நடந்தால் போன தடத்தைக் கோடாகப் பதிந்துகொள்ளும். ரப்பர் மரங்களுக்குள் சிக்னல் போய்விடும். வரும்வரை நின்று கொசுக்கடி வாங்குவோம்.

சிக்னல்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வீடு கூப்பிடுவார்கள், அதுதான் பெரிய தடை.

"ஏட்டி பிள்ளைகளா, வெயில்ல எங்க போறிய? கேறி இருங்க, ஒரு கட்டன்சாயா குடிச்சிட்டுப் போலாம்."

மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்வார்கள். போவோம். ஜிபிஎஸ்ஸை அணைக்க மட்டும் தோன்றவே தோன்றாது.

அப்படிக் கூப்பிட்டவர்தான் ராஜம் அக்கா. வீட்டுக்காரர் கல்ஃபில். பிள்ளைகள் இல்லை. சாயா குடித்துவிட்டு வந்த வழியே திரும்பப் பார்த்த எங்களை அக்கா தடுத்தார்.

"அங்க என்னத்துக்கு போறிய? இப்பிடியே போங்க."

அடுக்களைக்கும் கிணற்றுக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்குத் தேய்ந்த தடம். அது இறங்கிக் குளத்தங்கரைக்குப் போய், புன்னை மரங்களின் கீழே நடந்து, கால்வாயோரச் சானல்கரை பஸ் ஸ்டாப்பில் ஏறுகிறது.

"அக்கா, இது உங்க முற்றம்தானே?" என்றேன்.

"மொதல்ல வழியாக்கும் மக்கா. பெறவுதான் முற்றம்."

தடத்தின் ஓரத்தில் கல் அடுக்கியிருந்தது. கொழுந்தன் மதில் கட்டப்போகிறானாம். ஒத்தைக்கு இருக்கிற பொம்பளைக்குப் பாதுகாப்பாம்.

"மதிலு வந்தா பெறவு எனக்க வாசல்ல யாரு வருவா? இப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளைய போவும், மீன்காரி போவா, அக்கா சுகமான்னு கேட்டுட்டு போவும். நீ இத வரைஞ்சிருவியா?"

வரைந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன தைரியமோ!

ஆபீசில் கோடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஓவர்சியர் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். சாயா குடித்த வீடெல்லாம் வழியிலிருந்து கிளைவிட்டுத் துளிர்த்திருந்தது.

"இதென்ன புள்ள, வழியா முருங்கக் கொப்பா? சாயா குடிச்ச இடமெல்லாம் பொதுவழின்னு போட்டா, ஊருக்காரன் பூரா அடுக்களைக்குள்ள கேறிருவான்! எல்லாத்தையும் அழி."

அழித்தோம். ஒன்றை மட்டும் விட்டு வைத்தோம். மற்ற கிளைகள் வீடு வரை போய் அப்படியே திரும்பியிருந்தன. இது மட்டும் திரும்பவே இல்லை, குளத்தைத் தொட்டு மறுபக்கம் ஏறியிருந்தது. லதா அதில் விரலை வைத்துக்கொண்டு, "சார், சாயா குடிச்சிட்டு மறுபக்கமா யாராவது ஓடிப்போவாவளா?" என்று கேட்டாள்.

சாருக்கு நம்பிக்கை வரவில்லை. நேரில் பார்க்கிறேன் என்று மறுநாளே வந்தார். கிணற்றடியில் நின்று, இடுப்பில் கை வைத்து, இது வீட்டு முற்றம்தான் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை... பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாரே, வழிய மறிச்சிட்டு நிக்காதிரும். மீனு நாறிப்போவும்!"

முட்டத்திலிருந்து வருகிற மீன்காரி, தலையில் கூடையோடு. சார் ஒதுங்கினார். ஒதுங்கியவர் நிமிர்வதற்குள் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் பசுவைப் பிடித்தபடி ஒருவர். கிணற்றுச் சுவரோடு ஒட்டி நின்ற சார், எல்லோரும் போனபிறகு சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு... இது வழிதான். போட்டுக்கோ."

நானும் லதாவும் குளத்தங்கரை வரை ஓடினோம், சிரித்துக்கொண்டே! அந்த வருஷம் வந்த வரைபடத்தில் அந்தக் கோடு இருந்தது. அடுக்கிய கல்லில் அக்கா துணி துவைத்தார்.

இப்போது எனக்கு ஏசி அறை, பெரிய திரை. நாங்கள் மாதக்கணக்கில் நடந்த ஊரை ட்ரோன் ஒரு காலைக்குள் பார்த்துவிடுகிறது. குறை சொல்லவில்லை, எனக்கு அதன் மேல் ஆசைதான். ஆனால் ட்ரோனை யாரும் கட்டன்சாயாவுக்குக் கூப்பிடுவதில்லையே...

இந்த வரைபடத்தை வைத்துத்தான் குளத்தைச் சுற்றி வேலி போட்டுப் பூங்கா அமைக்கப்போகிறார்கள். ரோட்டுப் பக்கம் மட்டும் ஒரு கேட். வழி வரைபடத்தில் இல்லையென்றால், அன்று வராத மதில் இன்று வேலியாக வந்துவிடும்.

வரைபடம் சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். சந்தேகம் இருந்தால் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் யாரையாவது நடக்க அனுப்புங்கள், உங்களுக்கு முட்டுவலி வேறு என்கிறார்கள்.

நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. யாரையும் அனுப்பப்போவதும் இல்லை. நாளைக் காலை கருங்கல் பஸ்ஸில் ஏறி, ஓலைக்குக் கீழே இருக்கிற வழிகளையெல்லாம் நானே நடக்கப்போகிறேன். காலையில் வந்த படபடப்பு அதற்குத்தான். வீட்டிலும் ஆபீசிலும் இன்னும் சொல்லவில்லை.

முதல் வழி ராஜம் அக்கா வீட்டு வழி. சாயா குடிக்கும்போது இந்தத் தடவையும் ஜிபிஎஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.