கோடி போடத் தாமதமான அந்த அரை மணி நேரம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அக்கா உடல்மேல் போட வேண்டிய நேரத்தில் தம்பியாகிய நான் எங்கே போனேன் என்று அன்று பலரும் கேட்டீர்கள். அதற்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது அய்யலூர் பக்கம். எட்டாம் வகுப்பு வரை படித்தார். சித்தையன்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மச்சான் இளம் வயதிலேயே காலமானார். அதன்பின் இருந்த நிலத்தில் கொட்டகை போட்டு அக்கா நாட்டுக்கோழி வளர்த்தார். துணைக்கு வந்த நான் இங்கேயே தங்கிவிட்டேன்.

இரண்டாம் வருடம் பொங்கலுக்கு முன் வீட்டை வெள்ளையடித்துக் கழுவினோம். கொட்டகையையும் அப்படியே செய்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அக்கா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் கோழிகளுக்குப் படுக்கையாகப் பரப்பியிருந்த பழைய உமியை வாரிக் கொட்டிவிட்டு, தரை முழுவதும் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மறுநாள் குஞ்சுகள் வரவிருந்ததால் ஈரம் காயுமுன்பே புது உமியைப் பரப்பினேன். மார்கழிக் குளிர் ஆகாதென்று நாலு பக்கமும் சாக்குப் படுதாவை இறக்கிக் கட்டினேன்.

மூன்றாம் வாரம் எச்சத்தில் ரத்தம் கண்டது. குஞ்சுகள் இறகைத் தொங்கவிட்டு மூலையில் ஒடுங்கின. தினமும் காலையில் செத்தவற்றைக் கூடையில் அள்ளினோம். கேள்விப்பட்டுப் பெரியப்பா வந்தார்.

"கண்ணு பட்டுருச்சு ஆத்தா. வாசல்ல பூசணிக்காயக் கட்டு. பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய கொட்டகை?"

"கோழிக்கு வயித்தால போகுது பெரியப்பா. பூசணிக்காயத் தொங்கவிட்டா நின்டுருமா? கொழம்புல போட்டாலாவது நாம திங்கலாம்."

கால்நடை மருத்துவர் செத்த குஞ்சு ஒன்றை அறுத்துக் காட்டினார். குடலில் ரத்தம் கட்டியிருந்தது.

"ரத்தக் கழிச்சல்மா. குடல்ல இருக்குற ஒட்டுண்ணி. பழைய எச்சத்துலயே இருந்திருக்கும், தண்ணி ஊத்துனாச் சாகாது. ஈரமும் கதகதப்பும் கெடைச்சதும் பெருகிருச்சு. காயாத தரையில உமியப் போட்டு, காத்துப் புகாம அடைச்சது யாரு?"

அக்கா முந்திக்கொண்டார்.

"நாந்தான் சார்."

பெரியப்பா அருகில்தான் நின்றிருந்தார். அதன்பின் எந்த விசேஷ வீட்டில் பார்த்தாலும் அக்காவை, "தண்ணி ஊத்திக் கோழியக் கொன்னவ வாரா" என்பார். அக்கா சிரிப்பார். நான் பந்தி பரிமாறப் போய்விடுவேன்.

மருந்து கொடுத்ததில் பாதிக்கு மேல் பிழைத்தன. பிறகு அக்கா கொட்டகையை மாற்றினார். இடுப்பளவு இருந்த பக்கச் சுவரை முழங்கால் உயரத்துக்குக் குறைத்து, அதற்கு மேலே கம்பி வலை அடித்தார். சாரல் படாமல் கூரையை நீட்டினார். தண்ணீர் சிந்தாதபடி குவளைகளைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டார். தினமும் காலையில் ஒரு பிடி உமியை எடுத்து இறுக்கிக் கையைத் திறப்பார். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம். அந்த இடத்து உமியை அள்ளி வெளியே கொட்டுவார். ஒருநாளும் தவறியதில்லை.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் கெட்டு, நடக்க முடியாமல் போனது. நான் உமியைத் தாளில் பொதிந்து கட்டிலுக்குக் கொண்டுபோவேன்.

"ஏலே, மேக்கு ஓரத்துல எடுத்தியா? நடுவுல எடுத்து என்னய ஏமாத்தாத."

"மேக்கு ஓரந்தான்க்கா."

கையைத் திறந்து பார்த்த பிறகுதான் கஞ்சி குடிப்பார்.

ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை அக்காவின் உயிர் பிரிந்தது. அன்று மேற்கிலிருந்து சாரல் அடித்தது. கொட்டகையில் மூன்று வாரக் குஞ்சுகள் இருந்தன. கோடி போட என்னைத் தேடியபோது நான் அங்கே இருந்தேன். மேற்கு ஓரத்து உமி உருண்டையாகவே நின்றது. அதை வாரிக் கொட்டிக் காய்ந்த உமி போட்டு, உதிர்கிறதா என்று பார்த்துவிட்டு வர அரை மணி நேரம் ஆகிவிட்டது.

"கூடப் பொறந்தவ கெடக்கா, கோழிக் கொட்டகையிலயா நின்டுக்கிட்டிருந்த?" என்றார் பெரியப்பா. நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து கோடி போட்டேன்.

அந்தக் குஞ்சுகளுக்கு நோய் வரவில்லை.

மழையில் நின்று அக்காவை வழியனுப்பிய உறவினர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த மருத்துவருக்கும், அன்று எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. நான் வரும்வரை கோடிச் சேலையை நனையாமல் மடியில் வைத்துக் காத்திருந்த பெரியப்பாவுக்கும் நன்றி. பெரியப்பா, அன்று அந்தத் தரையைக் கழுவியது அக்கா இல்லை. நான்தான்.