மதுக்கரைக்குப் போன நீல டேக்

கோயம்புத்தூரில் கான்ட்ராக்ட் ஆளுக்குப் பம்பு கம்பெனி கேட் சட்டென்று திறக்கும், பெண் வீட்டுக் கதவுதான் திறக்காது. ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் பம்பு டெஸ்டிங் ஆள். ஒரு கம்பெனியில் பதினொரு மாதம், பிறகு அடுத்தது. முப்பத்திரண்டு வயதாகியும் எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. வந்த வரன் எல்லாம் "பையன் பெர்மனென்ட்டுங்களா?" என்ற கேள்வியோடு திரும்பிப் போனது.

உடனே சேரலாம்

என் நண்பன் குமரேசன் பெர்மனென்ட் வேலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். இண்டர்வியூ மேல் இண்டர்வியூ போய்விட்டு, கூப்பிடுவார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் இருந்த ஏஜென்சிக்குக் காலையில் போனேன். போர்வெல், ஓபன்வெல், மோனோபிளாக் என்று எல்லா வகைப் பம்பும் டெஸ்ட் செய்திருக்கிறேன் என்றதும், அங்கிருந்த அக்கா கணபதியில் ஒரு கம்பெனிக்குப் போன் போட்டு முடித்துவிட்டார். நாலு கம்பெனி ஏறி இறங்கியதில் கிடைத்த லாபம் அது.

கிளம்பும்போது அந்த அக்கா கேட்டார்: "கண்ணாலம் ஆயிருச்சுங்களா? இல்லீங்களா? அப்ப நைட் ஷிப்ட்டுக்கே போட்டுடறேனுங்க."

விடுதலை

அந்தக் கணபதி கம்பெனியில் சூப்பர்வைசருக்குக் கத்தாவிட்டால் டீ இறங்காது. பெர்மனென்ட் ஆட்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆனால் வீடு வரைக்கும் அதைச் சுமந்து போகவில்லை. எப்படியும் கான்ட்ராக்ட் முடியப்போகிறது.

கடைசி நாள் கேட் வரை என்னோடு வந்த ஃபிட்டர் ராமசாமி அண்ணன், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "குடுத்து வெச்சவன் கண்ணு நீயி. எனக்கு அம்பத்தெட்டு வயசு ஆனாத்தான் விடுதலை."

நீலம்

அடுத்த கம்பெனியில் சேர்ந்த கொஞ்ச நாளில் மதுக்கரையிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்கிற அன்று அம்மா முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார். நான் ஷிப்ட் முடிந்து பைக்கில் நேராகப் போனேன். அவசரத்தில் கழுத்திலிருந்த ஐ.டி. கார்டு டேக்கைக் கழற்ற மறந்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் பெர்மனென்ட்டுக்குப் பச்சை, கான்ட்ராக்ட்டுக்கு நீலம்.

பெண்ணின் அப்பா பழனிசாமி, ஒரு மில்லில் இருந்து ரிட்டயர் ஆனவர். என் கழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "எங்க மில்லுலயும் பெர்மனென்ட்டுக்கு நீலந்தானுங்க" என்று பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பஜ்ஜி இரண்டாவது தட்டு வந்தது. அம்மா வாயைத் திறக்காதே என்று என் காலை மிதித்தார். காபி கொண்டுவந்த சுகந்தியை எனக்குப் பிடித்துப்போயிற்று. பொய் சொல்லிக் கட்டிக்கொண்டு காலம் முழுக்க அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயமாக இருந்தது.

"எங்க கம்பெனியில நீலம்னா கான்ட்ராக்ட்டுங்க" என்றேன். "ஒண்ணு முடிஞ்சா அடுத்ததுல சேர்ற வரைக்கும் கொஞ்ச நாள் ஊட்டுல இருப்பேனுங்க."

அவர் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார். "பெர்மனென்ட்டுன்னா நம்பிப் பொண்ணு குடுக்கலாமுங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்போதுதான் சமையலறை வாசலில் நின்றிருந்த சுகந்தியின் அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "உங்களையும் பெர்மனென்ட்டுன்னுதானுங்க எங்கப்பா நம்பிக் குடுத்தாரு. இவ பொறந்தன்னிக்காச்சும் உங்களுக்கு லீவு கெடச்சுதுங்களா?"

கான்ட்ராக்ட் வேலையின் நன்மைகளை இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன், ஆனால் அந்த வீட்டு மாப்பிள்ளை என்பது மட்டும் பெர்மனென்ட் போஸ்ட் என்பதால் அதில் எனக்கும் லீவு கிடைப்பதில்லை.