மிஞ்சியவன்

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் யாரும் யாரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை. மழையைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் மழைக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அங்கே தங்கியிருக்கும் மார்கரெட் அம்மா ஒருநாள் மழையை விட்டுவிட்டுத் தன் அண்ணன்மாரைப் பற்றிப் பேசியபோது சந்தோஷமாக இருந்தது. "ஐ அவுட்லிவ்ட் போத் மை பிரதர்ஸ்" என்றார். என்னுடையது தென்காசிப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். அவுட் என்றால் வெளியே, லிவ் என்றால் வாழ்வது. அண்ணன்மாரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வாழ்ந்திருக்கிறார் போல என்று எடுத்துக்கொண்டு, "மீ டூ மேடம், ஒன் பிரதர்" என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐ ஆம் ஸோ ஸாரி" என்றார். வெளிநாட்டில் கிடப்பதற்காக என்மேல் இவ்வளவு இரக்கப்பட்டவர் அதுவரை யாருமில்லை.

வீட்டில் சொன்னதும் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அங்க அவுட்டுக்கு வெளியனு அர்த்தம் இல்ல, மிஞ்சுறதுனு அர்த்தம். ஓட்டத்துல மிஞ்சுனா அவுட்ரன். ஒருத்தர் செத்த பிறகும் நாம இருந்தா அவுட்லிவ்."

ஞாயிற்றுக்கிழமை மேலகரத்துக்குப் போன் போட்டு அண்ணனிடமே சொன்னேன். என்னைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவன்.

"ஏலே, நான் இங்கன குத்துக்கல்லாட்டம் உக்காந்து தோச தின்னுட்டு இருக்கேன். நீ அங்கன எனக்குக் காரியமே முடிச்சிட்டியா?"

"தெரியாமச் சொல்லிட்டேண்ணே."

"எதுலலே நீ என்னைய மிஞ்சிருக்க, இதுல மிஞ்சுததுக்கு? போயி அந்த அம்மாட்ட எங்க அண்ணன் இருக்கான்னு சொல்லு."

பின்னால் மதினி சிரிப்பது கேட்டது.

அவன் சொன்னது சரிதான். சாரல் காலத்தில் குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழத் தொடங்கினால், போலீஸ் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றும். நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். அருவிச் சத்தத்தில் விசில் காதில் விழாது. அண்ணன் உள்ளே வந்து தலைமயிரைப் பிடிப்பான். "தண்ணி கூடிட்டு, வெளிய வாலே!" முதலில் என்னை வெளியே தள்ளிவிடுவான். பிறகுதான் அவன் வருவான்.

மார்கரெட்டிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டேன். மை பிரதர் இஸ் அலைவ். சின்ன வாக்கியம்தான். ஆனால் தேநீரோடு போய் நின்றதும் கூச்சம் வந்துவிடும். மழையைப் பற்றி ஏதோ முனகிவிட்டுத் திரும்புவேன். இப்படியே புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் மதினியின் போன் வந்தது. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. திரும்பி வந்து வேலையில் சேர்ந்தேன். மார்கரெட்டிடம் திருத்திச் சொல்ல இனி ஒன்றும் இல்லை.

பிறகொரு நாள் மகள் போனில் எதையோ படித்துவிட்டு ஓடிவந்தாள். மிஞ்சுவதைக் குறிக்கும் எக்ஸீட் என்ற சொல்லுக்கு லத்தீனில் வெளியே போவது என்றுதான் மூலப் பொருளாம். "நீங்க நினைச்சதும் பெரிய தப்பில்லப்பா" என்றாள், என்னைத் தேற்றுவதற்காக. நான் நம்முடைய சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவனை முந்திப் போனாலும் மிஞ்சுவது என்கிறோம். பந்தி முடிந்து பானையடியில் கிடக்கும் சோற்றையும் மிஞ்சியது என்றுதான் சொல்கிறோம்.

அண்ணன் போய் இது இரண்டாவது ஆனி. அவன் வாழ்ந்த வயதைத் தாண்டிவிட்டேன். மதினி கூப்பிட்டாள்.

"இனிமே எங்களுக்கு நீங்கதான் மூத்தவுக, தம்பி" என்றாள். அவள் சொன்னதில் இருந்த முரண் அவளுக்குத் தட்டுப்படவில்லை. "இங்கன நல்ல சாரல். தண்ணி ஆர்ச்சத் தாண்டி விழுதாம். யாரையும் உள்ள விடலியாம்."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். இங்கேயும் தூறிக்கொண்டிருந்தது. அவன் சொன்னபடி வெளியே வந்துதான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் வர வேண்டியவன்தான் இன்னும் வரவில்லை.