பழம் இறக்கியவள்

வாசலூர்பட்டியில் பானுமதி வீடு எது என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். "பழம் எறக்குனவ ஊடு" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டும். ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அதைச் சுமந்துகொண்டுதான் தண்ணீருக்குப் போக வேண்டும், கடைக்குப் போக வேண்டும், கோயில் வாசலில் நிற்க வேண்டும். பானுமதி சுமந்தாள்.

மலையின் மறுபக்கத்து ஊரில் மரவள்ளிக் காட்டில் வளர்ந்தவள் அவள். பூபதியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது அவனிடம் கொஞ்சம் மிளகுக்கொடி, சில பலா மரங்கள், ஒரு பழைய ஆம்னி கார், விதவைத் தாய் அத்தாயி, தம்பி சின்னுசாமி, இவ்வளவுதான் இருந்தது. ஆனால் குறை இருக்கவில்லை. அத்தாயிக்கு மருமகள் என்றால் உயிர். அவளைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். தலைவலி வந்தால் பெற்ற மகன்கள் பக்கத்தில் போகக்கூடாது, பானுமதிதான் தைலம் தேய்க்க வேண்டும்.

பூபதி அந்தக் காரின் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு சோளக்காட்டுச் சந்தைக்குப் போவான். வண்டிக்கு என்ன வந்தாலும் வாசலில் படுத்துக்கொண்டு அவனே சரி பார்ப்பான். அசட்டையான மனிதன் அல்ல அவன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுப்பான். ஜாக்கிக்கு அடியில் பலகை போடுவான். வண்டி எழும்பியதும் இரண்டு தடித்த பலாக்கட்டைகளை அடியில் நிறுத்தி, கையால் வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தலையை விடுவான்.

"ஜாக்கி தூக்கறதுக்குத்தான் பானு, தாங்கறதுக்கு இல்ல. தாங்கறது கட்டைதான்" என்பான்.

அந்தக் கட்டைகள் எப்போதும் வண்டிக்குள்ளேயே கிடக்கும். விதி அங்கேதான் காத்திருந்தது.

அன்று சந்தை நாள். வண்டி நிறையப் பழம் ஏற்றியாகிவிட்டது. கிளம்பிய வண்டி வாசல் முனையிலேயே கரகரவென்று சத்தம் போட்டது. சைலன்சரைத் தாங்கும் பட்டை அறுந்து, குழாய் தரையில் இழுபட்டது. சோளக்காட்டில் வியாபாரி லாரியோடு நிற்கிறான். பூபதி இறங்கிக் கதவைத் திறந்தான். கட்டைகள் பழத்துக்கு அடியில் கிடந்தன.

"எல்லாத்தையும் எறக்கிப் போடலாமுங்களா?" என்றாள் பானுமதி.

"எறக்கி ஏத்தறதுக்குள்ள லாரி போயிரும். ஒரு கம்பி கட்டற வேலை. நீ போயி கம்பி எடுத்துட்டு வா."

மலைச்சரிவை வெட்டி எடுத்த வாசல் அது. எவ்வளவு நிரவினாலும் பள்ளத்துப் பக்கம் சாய்வாகத்தான் இருக்கும். ராத்திரி பெய்த மழையில் மண் வேறு ஊறியிருந்தது. அவள் கம்பியோடு திரும்பி வந்தபோது பூபதி ஜாக்கியை மட்டும் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் போயிருந்தான். உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஒரு பழம் நகர, அதன் பின்னால் இன்னொன்று நகர, வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. ஜாக்கி சாய்ந்தது.

அவள் அலறிய அலறலில் மரவள்ளிக் காட்டில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். சக்கரங்களைக் கழற்றாமல் விட்டிருந்ததால் வண்டி முழுதாக அமுக்கவில்லை. பூபதியின் தோள் மாட்டியிருந்தது. உயிர் இருந்தது. பேச்சும் இருந்தது. பானுமதி மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்து அவன் முகத்தைத் தேடினாள்.

"பானு... பழத்த எறக்கு. பாரத்தோட தூக்காதீங்க. கட்டைய எடுத்து அண்டக் குடு."

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். கைக்கு வந்த பழத்தை எல்லாம் இழுத்து வெளியே தள்ளினாள். முள் கிழித்து ரத்தம் வந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? புருஷன் வண்டிக்கு அடியில் கிடக்கிறான், பெண்டாட்டி பழம் இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

"அடிப் பாவி! என் மவன் சாவறான், உனக்குப் பழமாடி பெருசு?" அத்தாயி அவள் முதுகில் அறைந்தாள்.

"அவருதானுங்க அத்த எறக்கச் சொன்னாரு! தூக்காதீங்க, தூக்காதீங்க!"

பக்கத்துக் காட்டு அர்த்தனாரி அவளை இழுத்து ஒதுக்கினான். "தள்ளு புள்ள! சந்தைக்கு நாளைக்குப் போய்க்கலாம்."

சின்னுசாமி தரையில் குப்புறப் படுத்து, அண்ணனின் கால்களைப் பிடித்துக்கொண்டு, தலையை வண்டிக்கு அடியில் விட்டிருந்தான். ஒரு நொடி அவன் அசையாமல் கிடந்தான். பிறகு கத்தினான்: "தூக்குங்கடா!"

தூக்கினார்கள். சின்னுசாமி இழுத்தான். பாதி உடம்பு நகர்ந்தது. அப்போது மிச்சப் பழங்கள் பள்ளத்துப் பக்கம் உருண்டன. வண்டி ஒரு வெட்டு வெட்டியது. பிடித்திருந்த கைகள் வழுக்கின. இரண்டாம் முறை விழுந்தபோது அச்சு பூபதியின் நெஞ்சில் இறங்கியது.

ஐயோ, எப்பேர்ப்பட்ட மனிதன்! ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில், பானுமதியின் மடியிலேயே அவன் மூச்சு நின்றது.

கருமாதி முடிவதற்குள் ஊர் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டது. அத்தாயி அதற்குப் பிறகு அவளைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. அவள் ஆக்கிய சோற்றைத் தொடவில்லை. தனி அடுப்பு மூட்டித் தானே ஆக்கித் தின்றாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு புகை.

பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டான். "இங்க எதுக்குடா பானு இந்தப் பேச்சக் கேட்டுட்டு? வா போலாம்."

"இப்பப் போனா அது நெசம்னு ஆயிருமுங்க அண்ணா. அவரு சொன்னதத்தான் செஞ்சேன்னு அத்த நம்பட்டும். அப்புறம் எங்க வேணாலும் வாரேன்."

அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சோறு வேண்டாம், காடு வேண்டாம், அந்த ஒரு நம்பிக்கை. இரண்டு மூன்று முறை மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். "செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போறான்?" என்று அத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னுசாமி அப்போதெல்லாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான்.

காரை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். அடுத்த பலாப் பருவம் முடிந்து, மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளை ஏற்றிய ஒரு காலையில், அதே வாசலில் பின் சக்கரம் பஞ்சராகி உட்கார்ந்தது. பானுமதி களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சின்னுசாமி ஜாக்கியை எடுத்து வைத்தான். பிறகு கதவைத் திறந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தான்.

"ஏன்டா, ஒரு டயரு மாத்தறதுக்கு மூட்டைய எறக்கறயா?" என்றாள் அத்தாயி. "அப்படியே தூக்கி மாட்டுடா."

"வேண்டாமுங்கம்மா."

"கெழங்கு நசுங்கிருமோ? நீயும் அவளாட்டமே ஆயிட்டயா, சரக்குத்தான் பெருசுன்னு?"

சின்னுசாமியின் கையிலிருந்த மூட்டை நழுவியது. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"பாரத்தோட தூக்காதன்னு அண்ணனே சொன்னாம்மா!"

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

"எப்பச் சொன்னான்?" அத்தாயியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அன்னைக்கு. காலப் புடிச்சிட்டுக் கெடந்தப்ப. பழத்த எறக்கச் சொல்லுடான்னான். நான்தான்... எனக்குப் பயமாப் போச்சும்மா. சீக்கிரம் இழுத்தாப் போதும்னு தோணுச்சு. நான்தான் தூக்கச் சொன்னேன்."

அவன் மூட்டையின் மேலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அத்தாயி அவனைப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. மெல்ல நடந்து களத்துக்கு வந்து மருமகளின் எதிரே நின்றாள். பானுமதி காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்பாளா? கண்ணு என்பாளா?

"அவன் வேற என்ன சொன்னான்?" என்றாள் அத்தாயி. "என்னயக் கூப்புட்டானா?"

பானுமதி நிமிர்ந்தாள். பூபதி தாயைக் கூப்பிடவில்லை. பழத்தைச் சொன்னான், கட்டையைச் சொன்னான், பானு என்று இவள் பெயரைச் சொன்னான். அதற்கு மேல் அவனுக்கு மூச்சு இருக்கவில்லை. தன் பேச்சு இந்த வீட்டில் எடுபடுகிற முதல் நாள் இது. அதில் ஒரு பொய்யைக் கலப்பதா?

மாமியாருக்குப் பின்னால் சின்னுசாமி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும்.

"கூப்புட்டாருங்க அத்த" என்றாள் பானுமதி. "அம்மா எங்கன்னு கேட்டாரு."

சின்னுசாமி இந்த முறையும் வாயைத் திறக்கவில்லை.

அத்தாயி மிளகுப் பாயின் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்து, மகன் செத்த அன்று அழுததைவிடப் பெரிதாக அழுதாள். உண்மையைச் சொன்ன பாவத்துக்கு ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் பானுமதியை நம்ப மறுத்திருந்தாள். இந்தப் பொய்யை நம்ப அவளுக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை.