தயிர்ச் சட்டியும் மேன்முறையீடும்

விமானியாவதற்கான மருத்துவச் சான்றிதழை எனக்கு மறுத்துவிட்டார்கள். நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைச் சொல்லும் சோதனையில் தடுமாறியிருந்தேன்.

எங்கள் கல்முனையில் ஒரு அதிகாரி முடியாது என்றால், வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் வழக்கம். என் வாப்பா சம்மாந்துறையில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வாங்கி, கொழும்பு வரை என்னோடு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

என்னைச் சோதித்த டொக்டர் மட்டக்களப்புக்காரர்; வேலைக்காகக் கொழும்பில் குடியிருந்தார். அவர் சட்டியைத் தொடவில்லை. "தம்பி, நீங்க என்ட முடிவுக்கு எதிரா மேன்முறையீடு செய்யுங்க," என்றார்.

வாப்பா பதறிப்போனார். "யா அல்லாஹ்! ஒங்களப் பகைச்சிக்கிட்டு எப்படி, சேர்?"

"இதுல என்ன பகை? கெடு முடியமுந்தி எழுதிக் கேட்டா, வேற டொக்டர்மார் விமான நிலையக் கோபுரத்து விளக்கக் காட்டிச் சோதிப்பாங்க. நான் சொன்னது சரியா எண்டு எனக்கும் அறிய ஆசை."

தன்னை எதிர்க்கும் வழியைத் தானே சொல்லித்தருகிற மனிதர் எப்படிப்பட்டவர்? பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு, தயிரோடு ஊர் திரும்பினேன். கை கூசினாலும் எழுதிப் போட்டேன்.

சோதனையன்று கோபுரத்தில் மாறி மாறி எரிந்த பச்சை, சிவப்பு, வெள்ளை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். சான்றிதழ் கிடைத்ததும் டொக்டருக்கு அழைப்பெடுத்தேன்.

"அப்ப நான் சொன்னது பிழையா?"

"ஓம், சேர்," என்றேன் தயங்கி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் கண்டதில்லை. இப்போது யாராவது என்னைப் பிழை என்றால், அதேபோலச் சிரித்துப் பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.